ஒரு சென் காசும் பழைய நிரலும்: மென்பொருளில் பழையதை நிறுத்த ஏன் இத்தனை பாடு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. மறுநாள் காலையில் யாருடைய கணினியும் நின்றுபோகவில்லை, குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "நல்லா ஓடுற மெஷினை எதுக்குத் தம்பி மாத்தணும்?" கடைப் பையன் சொல்வதும் ஒன்றுதான்: "செக்யூரிட்டி அப்டேட் வராது அங்கிள், மாத்திடுங்க." அவன் சொல்வது பொய்யில்லை. ஆனால் கதையில் அது பாதிதான்.

மீதிப் பாதியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, செய்தவர்களே ஏன் நிறுத்துகிறார்கள்? நிறுத்துவதுதான் நல்லது என்றால் அதைப் பல வருஷம் முன்பே ஏன் செய்யவில்லை? இரண்டாவதை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் சுவாரசியம். பழைய நிரலை வைத்திருந்தாலும் செலவு, எடுத்தாலும் செலவு. எந்த வழியில் போனாலும் செலவு மறையாது, அதைக் கட்டுகிற ஆள்தான் மாறுவார். கீழே வரும் ஒவ்வொரு உதாரணத்திலும் யார் கட்டினார்கள் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

## முதலில் சொற்கள்

நிரல் என்றால் கோட், கணினிக்கு எழுதி வைக்கும் கட்டளை வரிகள். எந்த நிரலும் தனியாக வாழ்வதில்லை. உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸை நம்பியிருக்கிறது, விண்டோஸ் பிரிண்டரின் டிரைவரை நம்பியிருக்கிறது. "இப்படிக் கேட்டால் இதைக் கொடுப்பேன்" என்று ஒன்று இன்னொன்றுக்குக் கொடுத்திருக்கும் வாக்குக்கு இடைமுகம் என்று பெயர். அந்த வாக்கு மாறும்போதுதான் நாம் பேசப்போகும் தொல்லை எல்லாம் வருகிறது. நான்கு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. பின்னோக்கிய இணக்கம்: ஆபீசில் பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்பார்கள். புதிய பதிப்பு வந்த பிறகும், பழைய பதிப்பை நம்பி எழுதியவை ஒரு வரிகூட மாற்றாமல் ஓடுவது.
2. கைவிடல் அறிவிப்பு: டெப்ரிகேஷன். "இது இன்னும் வேலை செய்யும், ஆனால் இதை நம்பிப் புதிதாக எதையும் கட்டாதீர்கள், ஒரு நாள் எடுத்துவிடுவோம்" என்று முன்கூட்டியே சொல்வது.
3. நீக்கம்: சொன்னபடி எடுத்துவிடுவது. அன்றிலிருந்து கூப்பிட்டாலும் வராது.
4. ஆதரவு முடிவு: பொருள் உங்களிடமே இருக்கும், ஓடும். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வரமாட்டார், அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கு நடந்தது இது.

இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையைக் கடையில் 5 சென்னுக்குச் சரிசெய்கிறார்கள். பில் 12 வெள்ளி 42 சென் என்றால் 12.40, 43 சென் என்றால் 12.45. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா புதிய ஒரு சென் காசு விடுவதை நிறுத்தியதே தவிர, கையில் இருப்பது செல்லாது என்று சொல்லவில்லை. விலைச்சீட்டில் 4.99 இன்றும் இருக்கிறது, கார்டில் கட்டினால் சென் வரைக்கும் அப்படியே கழிகிறது. காசு மட்டும் மெல்ல மெல்ல பிஸ்கட் டின்னுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை. நல்ல முறையில் செய்த கைவிடல் அறிவிப்பு இப்படித்தான் இருக்கும். 500 வெள்ளி, 1000 வெள்ளி நோட்டுகள் 1999 ஜூலை 1-ஆம் தேதி செல்லாமல் போனதே, அது நீக்கம். நாணயக் கட்டுப்பாட்டுக் காலத்து முடிவு அது. கெடுவுக்குள் மாற்றாதவர் கையில் காகிதம்தான் மிஞ்சியது.

## பழசு ஏன் ஒட்டிக்கொள்கிறது

நிரல் எழுதுகிறவர்களுக்கு, நிரல் கோப்புகளைத் தொகுத்துத் தரும் மேக் என்ற கருவி தெரியும். 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அதன் கோப்பில் சில வரிகள் டாப் விசையில்தான் தொடங்க வேண்டும், எட்டு ஸ்பேஸ் தட்டினால் ஒத்துக்கொள்ளாது, ஆனால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இது மோசமான ஏற்பாடு என்று ஃபெல்ட்மனுக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனமில்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்காக விட்டுவைத்தது, அப்புறம் உலகம் முழுக்க நிரலாளர்களின் மாலை நேரங்களைத் தின்றது. இன்றும் அந்த டாப் அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொன்றை நீங்களே செய்து பார்க்கலாம். எக்செல்லைத் திறந்து ஏதாவது ஒரு கட்டத்தில் 60 என்று தட்டுங்கள். அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதியாக மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாளே உலகத்தில் இருந்ததில்லை. நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 அப்படி வகுபடும், 1900 வகுபடாது.

இந்தத் தவறு எக்செல்லுடையதுகூட இல்லை. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 விரிதாள் 1900-ஐ லீப் ஆண்டாக எண்ணிக்கொண்டது. அந்தக் காலத்தில் ஆபீஸ் கணக்கெல்லாம் லோட்டஸில் இருந்தது, அந்தக் கோப்புகளைத் திறந்தால் தேதி பிசகக்கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் தெரிந்தே தவறையும் சேர்த்து நகல் எடுத்தது. லோட்டஸ் போய்ச் சேர்ந்துவிட்டது, தவறு மட்டும் வாழ்கிறது. இன்று திருத்தினால் என்ன? எக்செல் தேதியை எண்ணாகத்தான் சேமிக்கிறது. அந்த இல்லாத நாளை எடுத்துவிட்டால் 1900 மார்ச்சுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு தேதியின் எண்ணும் ஒன்று குறையும், உலகத்தில் உள்ள சம்பளப் பட்டியல், வட்டிக் கணக்கு, வாடகைக் கெடு எல்லாம் ஒரு நாள் நகரும். ஒரு பொய் நாளைச் சகித்துக்கொள்வது மலிவு.

இதில் ஒரு விதி இருக்கிறது, ஹைரம் ரைட் என்ற பொறியாளர் பெயரால் ஹைரம் விதி என்கிறார்கள். ஒரு மென்பொருளைப் போதுமான பேர் பயன்படுத்தினால், நீங்கள் வாக்குக் கொடுத்தது எது கொடுக்காதது எது என்பதெல்லாம் செல்லாது. அது வெளியே காட்டும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார், தவறுகள் உட்பட. வாசல் படியில் ஒரு கல் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோரும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் கால் வைக்கப் பழகியிருப்பார்கள், அதைச் சரிசெய்து கொஞ்சம் உயர்த்தி வைத்த அன்றுதான் யாராவது தடுக்கி விழுவார்.

## இறந்த வரிக்கு உயிருள்ள நிரல்

மலேசியாவில் கடை மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 2015 ஏப்ரல் 1-இல் ஜிஎஸ்டி, அதாவது பொருள் சேவை வரி, 6 விழுக்காட்டில் வந்தது. 2018 ஜூன் 1-இல் பூஜ்யமானது. செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பி வந்தது. வரி போய்விட்டது, அந்த நிரலை எடுத்துவிடலாமா? மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 தீபாவளிக்குப் போட்ட ஒரு பில்லைத் தணிக்கைக்காக மறுபடி அச்சடிக்க வேண்டும் என்றால் அதில் அன்றைய 6 விழுக்காடுதான் வரவேண்டும், இன்றைய வரி வந்தால் அது போலிப் பில். கணக்கு ஆவணங்களை 7 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். ஆக, மூன்று வருஷத்துக்குக் கொஞ்சமே கூடுதலாக வாழ்ந்த ஒரு வரிக்கான நிரல், செத்த பிறகு ஏழு வருஷம் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து மின்விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ், கட்டாயமாக ஆரம்பித்தது. விவரங்களை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அமைப்புக்கு அது கேட்கும் வடிவத்தில் அனுப்ப வேண்டும். பில்லை வெறும் அச்சடித்த காகிதமாக மட்டுமே நினைத்து எழுதிய பழைய மென்பொருளில் அதற்கு இடமே கிடையாது. அந்த மென்பொருள் டாஸ் காலத்து 16-பிட் ரகம் என்றால் தொல்லை இரட்டிப்பு. 16-பிட் நிரல் 32-பிட் விண்டோஸில் ஓடும், 64-பிட் விண்டோஸில் ஓடாது, விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. கணினியை மாற்றினால் மென்பொருள் போச்சு, மாற்றாவிட்டால் ஆதரவு போச்சு. "நல்லா ஓடுற மெஷினை எதுக்கு மாத்தணும்" என்று கேட்கிறவர் பல நேரம் இந்த முடிச்சில்தான் நிற்கிறார், கடைப் பையனுக்கு அது தெரிவதில்லை.

ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும்: வயதைப் பார்த்து யாரும் எதையும் நிறுத்துவதில்லை. நம் நாட்டில் 2021 முடிவதற்குள் 3ஜி வலையை அணைத்தார்கள், அதைவிடக் கிழவனான 2ஜி தொடர்ந்தது. வெறும் பேசும் போன்கள் 2ஜியில் தொங்கிக்கொண்டிருந்தன. நடுவில் வந்த 3ஜியின் வேலையை 4ஜி முழுக்க எடுத்துக்கொண்டது. யார் தொங்குகிறார்கள் என்பதே கணக்கு.

## நம் எழுத்துக்கே நடந்த கதை

தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் வேறில்லை. கோயில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ், சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் என்று 1990-களில் தட்டச்சு செய்த ஒரு கோப்பை இன்று திறந்து பாருங்கள். "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் முதலில் முக்கால் பின்னக் குறி நிற்கும், அடுத்து தலையில் கோடு போட்ட ரோமன் ஏ, அப்புறம் அமெரிக்க சென்ட் குறி, கடைசியில் தலையில் கோடு போட்ட ரோமன் யு. கோப்பு கெட்டுப்போகவில்லை. அது திஸ்கி என்ற குறியேற்றத்தில் இருக்கிறது. அதற்கான எழுத்துரு இல்லாததால் கணினி அந்த எண்களை ஐரோப்பிய எழுத்துகளாகப் படிக்கிறது.

குறியேற்றம் என்றால் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. நம் ஊர் முத்து நெடுமாறன் 1980-களில் உருவாக்கிய முரசு அஞ்சல் ஒரு பக்கம், இணையத்தில் கூடிய தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே உருவாக்கிய திஸ்கி ஒரு பக்கம், 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் என்ற இரண்டு பட்டியல்கள் இன்னொரு பக்கம். அப்புறம் உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே பட்டியலான யூனிகோட் எல்லாவற்றையும் விழுங்கியது. மாற்றித் தரும் கருவிகள் கிடைக்கின்றன, ஆனால் கோப்பு தன் நெற்றியில் "நான் திஸ்கி" என்று எழுதிக்கொண்டு வருவதில்லை. நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். பழைய ஏற்பாட்டை இங்கே யாரும் அறிவித்து நீக்கவில்லை, எல்லோரும் கலைந்து போனார்கள், அவ்வளவுதான். செலவு கோப்பு வைத்திருந்தவர் தலையில் விழுந்தது, அதில் நிறைய கோப்புகள் குப்பைக்கும் போய்விட்டன.

யூனிகோட் இதற்கு நேர் எதிர்க் கொள்கை வைத்திருக்கிறது. ஓர் எழுத்துக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் அதை நகர்த்தவோ எடுக்கவோ மாட்டார்கள். அந்த எழுத்துக்கு வைத்த பெயரைக்கூடத் திருத்துவதில்லை. செங்குத்து எழுத்துமுறைக்கான ஓர் அடைப்புக்குறியின் அதிகாரப்பூர்வப் பெயரில் பிராக்கெட் என்ற சொல்லிலேயே இரண்டு ஆங்கில எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன, இனி எந்நாளும் கிடக்கும். இந்தப் பிடிவாதம் சூடு பட்டதால் வந்தது. 1996-இல் வந்த யூனிகோட் 2.0-இல் கொரிய அசை எழுத்துகளை மொத்தமாக வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு இனி நகர்த்துவதில்லை என்று முடிவானது.

தமிழுக்கு அந்தப் பிடிவாதத்தால் என்ன செலவு? யூனிகோடில் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கான இஸ்கி என்ற 1988 குறியேற்றத் தரத்தின் வரிசையை ஒட்டி அமைந்தது. தேவநாகரியில் இருக்கிற, நம்மிடம் இல்லாத எழுத்துகளுக்கு நடுநடுவே காலி இடம், அங்கே இல்லாமல் நம்மிடம் இருப்பவை சொருகிய இடத்தில். அதனால் ன எண் வரிசையில் ந-வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, ழ ள-வுக்குப் பின்னால் வருகிறது. ஒரு தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேட்டில் மூன்று பெயர்களை வெறும் எண் வரிசைப்படி அடுக்கச் சொன்னால் கனிமொழி, கபிலன், கயல்விழி என்று வரும். நம் அரிச்சுவடிப்படி கபிலன், கயல்விழி, கனிமொழி என்றுதான் வரவேண்டும், ன பதினெட்டாவது மெய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரியவில்லை.

எண்களை மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும், ஆனால் அதுவரை உலகில் தட்டச்சு செய்த தமிழ் எல்லாம் முக்கால் குறியின் கதியை அடைந்திருக்கும். அதனால் எண்களைத் தொடாமல், அகரவரிசை அட்டவணை என்று தனியாக ஓர் அடுக்கை மேலே வைத்தார்கள். நல்ல மென்பொருள் அந்த அட்டவணையைப் பார்த்து அடுக்கும். சோம்பேறி மென்பொருள் எண்ணைப் பார்த்து அடுக்கும். உங்கள் பட்டியல் தப்பாக வந்தால் திட்ட வேண்டியது யூனிகோடை இல்லை, அந்த அட்டவணையைப் பார்க்காமல் எழுதியவரை.

## பைத்தான்: ஒரேயடியாக உடைத்தால் என்ன ஆகும்

வேண்டுமென்றே இணக்கத்தை உடைத்தவர்களில் பைத்தான் என்ற நிரல்மொழிக்காரர்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பைத்தான் 3.0 வெளியானது 2008 டிசம்பர் 3. பைத்தான் 2-க்கு எழுதிய நிரல் அதில் அப்படியே ஓடாது என்று சொல்லியே வெளியிட்டார்கள்.

காரணம் சரியானதுதான், தமிழர்களுக்கு இன்னும் சரி. பைத்தான் 2-இல் "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று சாதாரணமாகக் கேட்டால் 15 என்று பதில் வரும். நம் கண்ணுக்கு எழுத்து மூன்று. யூனிகோட் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஒவ்வொன்றும் சேமிப்பில் மூன்று பைட், அதாவது மூன்று சேமிப்பு அலகு, பிடிக்கும், பைத்தான் 2 அந்தப் பைட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. பைத்தான் 3 ஐந்து என்று சொல்லும். ஆங்கிலத்தில் எழுத்தும் பைட்டும் ஒன்றாகவே இருந்ததால் அங்கே பலருக்கு இந்தக் கோளாறே கண்ணில் படவில்லை.

காரணம் சரியாக இருந்தும் பதினோரு வருஷம் இழுத்தது. ஏன்?

1. நிரல் தனியாக மாற முடியாது. உங்கள் நிரல் பத்து நூலகங்களை, அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, நம்பியிருந்தால், பத்தும் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். நூலகம் எழுதியவரோ பயனர்கள் மாறட்டும் என்று காத்திருப்பார். யார் முதலில் எழுந்து போவது என்று பந்தியில் ஒருவரையொருவர் பார்ப்பது மாதிரி.

2. இரண்டிலும் ஓடும் நிரல் எழுதுவது ஆரம்பத்தில் கடினமாக இருந்தது. ஒரே நாளில் தாண்டிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், யாரும் அப்படித் தாண்டவில்லை. 2012-இல் வந்த 3.3 பதிப்பில் பழைய எழுத்துமுறை ஒன்றை மறுபடி அனுமதித்தார்கள், அதாவது எடுத்ததைத் திருப்பி வைத்தார்கள். இரண்டு கரையிலும் கால் வைக்க இடம் கிடைத்ததும் நடமாட்டம் சூடுபிடித்தது.

3. கெடு நகர்ந்தது. பைத்தான் 2.7-க்கு ஆதரவு 2015-இல் முடியும் என்றார்கள், பிறகு 2020 ஜனவரி 1 என்றார்கள். தள்ளிவைத்தது தேவைதான், ஆனால் ஒரு முறை நகர்ந்த கெடுவை இரண்டாவது முறை யாரும் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை.

மொழியை எழுதியவர்களின் சுமை குறைந்தது, உலகம் முழுக்க நிரல் வைத்திருந்தவர்கள் தலையில் ஏறியது. பயன் பெரிதுதான், நான் பைத்தான் 3 பக்கம்தான் நிற்பேன். ஆனால் பாலம் கட்டிவிட்டுப் பழைய படகை நிறுத்தியிருக்கலாம். அவர்கள் படகை நிறுத்துவதாக அறிவித்துவிட்டு, அப்புறம் பாலம் கட்டினார்கள்.

## சரி, அப்படியே வைத்திருந்தால்?

வைத்திருப்பதன் விலை 2017 மே 12-இல் தெரிந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவிய நாள் அது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த வாசல் விண்டோஸில் கோப்புப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு, 1980-களின் சரக்கு. புதிய பதிப்புகள் வந்து பல வருஷம் ஆகியும், பழைய சாதனங்கள் பேசவேண்டுமே என்று அந்தக் கதவு திறந்தே இருந்தது. அடைப்பான் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் அகப்பட்டார்கள். 2014-இல் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அந்த வாரம் அவசர அடைப்பான் வெளியிட்டது. அது விதிவிலக்கு, அடுத்த முறையும் வரும் என்று நம்பிக் கடை நடத்த முடியாது.

கடைப் பையன் சொன்ன "செக்யூரிட்டி அப்டேட் வராது" என்பதன் முழு அர்த்தம் இதுதான். பழைய நிரல் துருப்பிடிப்பதில்லை. அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், பூட்டை மாற்றுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஓட்டையைத் தவிர தினசரிச் செலவும் உண்டு: ஒவ்வொரு மாற்றத்தையும் பழைய வழியிலும் சோதிக்க வேண்டும், அந்த மூலையை எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார், புதிதாக வந்த பெண் அதைத் தொடவே பயப்படுவாள்.

## வாக்கு எந்த எல்லைவரை?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் கடைப்பிடிக்கும் வழி எனக்குப் பிடித்தது. அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாமல் சொல்லும் விதி, கெர்னலுக்கு வெளியே ஓடும் பயனர் நிரலை உடைக்காதே என்பது. உடைந்தால் கெர்னலில்தான் பிழை, நிரல் எழுதியவரைக் குறைசொல்லக் கூடாது. உள்ளே மட்டும் எதையும் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம், யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் உள்ளே தயவு தாட்சண்யம் கிடையாது. அவர் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே 386 என்ற சிப் போட்ட ஒரு கணினியில்தான், அந்த 386-க்கான ஆதரவை 2013-இல் வந்த 3.8 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். இட்டானியம் சிப்புக்கான நிரல் 2024 ஜனவரியில் வந்த 6.7-இல் போனது.

கோலாலம்பூரை வைத்தே இன்னொரு உதாரணம். உலகக் கணினிகள் எல்லாம் பார்க்கும் நேரமண்டலத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது, அதில் கோலாலம்பூருக்கு என்று ஒரு பதிவு. உங்கள் போன் நம் நேரத்தைக் கணக்கிடுவது அதை வைத்துத்தான். தீபகற்ப மலேசியா 1981 முடியும்வரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது, 1982 புத்தாண்டில் அரை மணி நகர்ந்து எட்டானது, சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. 1970-க்குப் பிறகு இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒன்றுதான் என்பதால், 2022-இல் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்கள் கோலாலம்பூரின் தனிப் பதிவை எடுத்துவிட்டு, அந்தப் பெயரைச் சிங்கப்பூர்ப் பதிவுக்கு ஓர் இணைப்பாக மாற்றினார்கள். நாட்டை 1965-இல் பிரித்தார்கள், கடிகாரத்தை 2022-இல் சேர்த்துவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததா? தெரிந்திருக்காது. பழைய பெயரைச் சொல்லிக் கேட்கும் எந்த நிரலும் உடையவில்லை. உள்ளே இருந்த சரக்கு போனது, வெளியே இருந்த பெயர்ப்பலகை நின்றது.

## எடுக்கும்போது வரிசை

இனி எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று முடிவானால், ஒழுங்கான குழுக்கள் ஏறத்தாழ இப்படிப் போவார்கள்:

1. யார் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது. ஊகம் உதவாது. வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடும் நிரல் ஜனவரியில் எண்ணினால் தெரியாது, வரிக் கணக்கு மாதத்தில்தான் தலைகாட்டும்.

2. மாற்று முதலில், அறிவிப்பு அப்புறம். "இதை நிறுத்துகிறோம்" என்ற வரிக்கு அடுத்த வரியே "இதற்குப் பதில் இது" என்று இருக்க வேண்டும்.

3. தேதி வைப்பது. இணையத்தில் அசையும் படங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃபிளாஷ் 2020 முடிவோடு நிற்கும் என்று அடோபி நிறுவனம் 2017 ஜூலையில் சொன்னது, நின்றது. மூன்றரை வருஷ அவகாசம். 2021 ஜனவரி 12 முதல் நிறுவி வைத்திருந்த ஃபிளாஷும் ஓட மறுத்தது.

4. சற்று நேரம் நிறுத்திப் பார்ப்பது. கெடுவுக்கு முன்னால் ஒரு நாள் சில மணி நேரம் மட்டும் பழைய வசதியை அணைப்பார்கள். அறிவிப்பு மின்னஞ்சலைப் படிக்காதவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் போன் போடுவார்கள். சிலாங்கூரில் முன்னறிவிப்போடு தண்ணீர் நிற்கும்போதுதான் வீட்டில் வாளி எத்தனை என்று எண்ணுகிறோமே, அதே கதை.

5. எடுத்த பிறகும் ஒரு சிறு வழி விடுவது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15-இல் ஓய்வுபெற்றது, ஆனால் அதை நம்பிய ஆபீஸ் தளங்களுக்காக எட்ஜ் உலாவிக்குள் ஒரு பழைய முறைமையை 2029 வரையாவது வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

## கடை வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது

விண்டோஸ் 10-இல் இருக்கும் வீட்டுப் பயனர்களுக்கு நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் வரைதான். அது மூச்சு வாங்க, தங்கியிருக்க இல்லை. மென்பொருள் விற்றவரிடம் இரண்டே கேள்வி போதும். ஒன்று: "அண்ணே, என் விவரமெல்லாம் வேற புரோகிராம்ல திறக்கிற மாதிரி எடுத்துக் குடுக்க முடியுமா?" முடியும் என்றால் இன்றைக்கே ஒரு தடவை எடுத்து எக்செல்லில் திறந்து பாருங்கள், தமிழ்ப் பெயர்கள் தமிழாகவே வருகின்றனவா என்று முக்கியமாகப் பாருங்கள். இரண்டு: "இதை எத்தனை வருஷம் பார்த்துக்குவீங்க?" வருஷத்தைச் சொல்லாமல் "கவலைப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால் விவரத்தை வெளியே எடுக்கும் வேலையை உடனே ஆரம்பித்துவிடுங்கள்.

பழைய பில் கருவியோ கதவுப் பதிவுக் கருவியோ வைத்திருந்தால் இன்னொரு சோதனையும் இருக்கிறது. பல பழைய நிரல்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-இலிருந்து கழிந்த விநாடிகளாக 32 பிட்டில் எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, மலேசிய நேரம் காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பிவிடும். லினக்ஸ் மாதிரி பெரிய திட்டங்கள் இதற்கான வேலையைச் செய்துவிட்டன. உங்கள் கடையில் இருக்கும் கருவிக்கு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கணக்கு எதுவும் இல்லாத ஓர் உதிரி மெஷினில், நடப்பு மெஷினில் வேண்டாம், தேதியை 2038 ஜனவரி 20 என்று வைத்து ஒரு ரசீது அடித்துப் பாருங்கள். சில கருவிகள் அந்தத் தேதியை வாங்கவே மறுக்கும். சில 1901 டிசம்பர் என்று அச்சடித்துக் கொடுக்கும்.